முகத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கு ஒரு நிறமா? உங்கள் சருமத்துக்குப் பொருந்தும் மேக்கப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது பல வீடுகளில் ஒரே பேச்சு எழும். பட்டுப்புடவை அருமை, நகை அருமை, ஜடை அலங்காரம் அருமை. 'ஆனா, முகம் மட்டும் ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?' முகம் வெளுத்து, கழுத்து மாநிறமாக, மருதாணி வைத்த கை இன்னொரு நிறமாக... ஒரே ஆளுக்கு மூன்று நிறங்கள்! மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட மேக்கப் ஏன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

பெரும்பாலும் காரணம் பிராண்டும் அல்ல, போட்டுவிட்டவரின் கையும் அல்ல. தேர்ந்தெடுத்த ஷேடுதான். நம் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனை வாங்கினால் முகம் 'கலராக' தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. உண்மையில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. மாநிறச் சருமத்தின் மேல் வெளுப்பான பூச்சு விழுந்தால், முகம் பளிச்சென்று தெரியாது; சாம்பல் பூத்ததுபோலத் தெரியும்.

மேக்கப்பில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான். உங்கள் நிறத்துக்கு மேக்கப் பொருந்த வேண்டும்; மேக்கப்புக்காக உங்கள் நிறம் மாற வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். சில நேரங்களில் உடல்நலமும் மிச்சம்.

'நல்ல கலர்' என்றால் என்ன?

'பொண்ணு நல்ல கலர்' என்று யாராவது சொன்னால், அது எந்தக் கலர் என்று நாம் கேட்பதே இல்லை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. அந்த ஆசையை நம்பி ஒரு பெரிய சந்தையே வளர்ந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1975-ல். நிறத்தை வைத்துப் பெண்களை எடைபோடும் பழக்கத்துக்கு எதிராக, 'விமன் ஆஃப் வொர்த்' என்ற சென்னை அமைப்பு 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தபோது நாடு முழுக்கப் பேச்சானது. கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகவோ, தோற்றுப்போனவர்களாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரங்களுக்கான தர அமைப்பு 2014-ல் விதி வகுத்தது. 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது.

டியூபின் மேல் பெயர் மாறிவிட்டது. ஆனால் கடையில் ஷேடு எடுக்கும்போது, 'இதைவிட ஒரு ஷேடு லைட்டா குடுங்க' என்று கேட்கும் பழக்கம் மாறியதா என்பதுதான் கேள்வி.

உங்கள் நிறத்தின் உள்சாயல் எது?

ஒரே மாநிறத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே ஃபவுண்டேஷன் பொருந்தாமல் போவதுண்டு. மேலே தெரியும் நிறத்துக்கு அடியில் இன்னொரு சாயல் ஓடுவதுதான் காரணம். இதை 'அண்டர்டோன்' என்கிறார்கள். மஞ்சளும் பொன்னிறமும் கலந்தது 'வார்ம்'. இளஞ்சிவப்போ நீலமோ கலந்தது 'கூல்'. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'நியூட்ரல்'. லேசான பச்சைச் சாயல் ஓடினால் 'ஆலிவ்'.

மணிக்கட்டில் ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்று ஒரு சோதனையைப் பலரும் சொல்வார்கள். வெளுத்த சருமத்துக்கு இது ஓரளவு உதவும். நம் சருமத்தில் நரம்பு சரியாகத் தெரிவதே அபூர்வம். தெரிந்தாலும் பெரும்பாலும் பச்சையாகத்தான் தெரியும். எனவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு எளிய வழி உண்டு. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். தூய வெள்ளைத் துணியை முகத்தருகே பிடித்துப் பாருங்கள். பிறகு சந்தன நிறத் துணியைப் பிடியுங்கள். சந்தன நிறம் முகத்தைத் தெளிவாகக் காட்டினால் உங்களுடையது வார்ம் ஆக இருக்கலாம். தூய வெள்ளை எடுப்பாக இருந்தால் கூல். இரண்டுமே பொருந்தினால் நியூட்ரல். தங்க நகையும் வெள்ளி நகையும் போட்டுப் பார்த்தும் இதே முடிவுக்கு வரலாம்.

இதுவும் ஒரு தொடக்கம்தான். கடைசித் தீர்ப்பைச் சொல்வது உங்கள் தாடை!

கடையில் ஷேடு பார்க்கும்போது...

புறங்கையில் தடவிப் பார்ப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. ஆனால் கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. பொருத்தமான ஷேடைக் கண்டுபிடிக்க இந்த வழியைப் பின்பற்றுங்கள்.

முகத்தில் வேறு எதுவும் பூசாமல் கடைக்குச் செல்லுங்கள். உங்கள் நிறத்துக்கு நெருக்கமாகத் தெரியும் மூன்று ஷேடுகளை எடுத்து, கன்னத்தின் அடியிலிருந்து தாடையைத் தாண்டிக் கழுத்து வரை மூன்று கோடுகளாகத் தடவுங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறதோ, அதுதான் உங்கள் ஷேடு. 'எடுப்பாகத் தெரியும்' கோடு உங்களுடையது அல்ல.

கடைக்குள் இருக்கும் விளக்கு வெளிச்சத்தை நம்பாதீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியில் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள். சருமத்தின் எண்ணெயோடும் காற்றோடும் சேர்ந்து சில ஃபவுண்டேஷன்கள் சற்றுக் கறுத்துவிடும்.

நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றியுள்ள பகுதியும் கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். இது மிக இயல்பான விஷயம். இப்படி இருப்பவர்கள் கன்னத்தின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால், நெற்றியில் அது வெளுத்துத் தெரியும். கழுத்தோடும் நெஞ்சின் மேற்பகுதியோடும் பொருந்தும் ஷேடை எடுங்கள். இரண்டு ஷேடுகளுக்கு நடுவில் தடுமாறினால், சற்று அடர்த்தியானதையே தேர்ந்தெடுப்பது நல்லது. அதை லேசாகப் பூசிச் சமாளித்துவிடலாம். வெளுத்துப்போனதைச் சமாளிப்பது கடினம்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் மாடலின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். போன் திரையின் வெளிச்சமும் படத்தின் ஃபில்டரும் நிறத்தை மாற்றிக் காட்டும். முதல் முறை சிறிய பேக்கை வாங்கிப் பாருங்கள். ஷேடு பொருந்தினால் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை பெரியதை வாங்கலாம்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. முன்பெல்லாம் கடையில் கிடைத்த நான்கைந்து ஷேடுகளில் ஒன்றை எடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. பாடகி ரிஹானா 2017-ல் தொடங்கிய 'ஃபென்டி பியூட்டி', அடர் கறுப்பு வரை 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் ஷேடுகளைக் கூட்ட வேண்டியதாயிற்று. இன்று இந்திய பிராண்டுகளிலேயே மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எனப் பல ஷேடுகள் கிடைக்கின்றன. 'உங்க கலருக்கு ஷேடு இல்லை' என்று யாராவது சொன்னால், அடுத்த கடைக்குப் போகலாம்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் மேக்கப் இல்லை

'கறுப்பாக இருப்பவர்களுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. மெலனின் நமக்கு ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு தருவது உண்மைதான். ஆனால் வெயிலால் கருமைத் திட்டும் மங்கும் அதிகமாகத் தொல்லை கொடுப்பது நம்மைப் போன்ற சருமத்துக்குத்தான்.

எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிழிந்தால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அந்த அளவு பாதுகாப்பு கிடைக்க வேண்டுமென்றால், ஃபவுண்டேஷனை யாரும் பூசாத அளவுக்குத் தடிமனாகப் பூச வேண்டியிருக்கும்.

சில சன்ஸ்கிரீன்கள் முகத்தில் வெள்ளையாகப் படியும். அவற்றில் இருக்கும் ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் இயல்பிலேயே வெள்ளை நிறத்தவை. இவர்களுக்கு 'டின்டட்' சன்ஸ்கிரீன் நல்ல தேர்வு. அதற்கு நிறம் கொடுக்கும் அயர்ன் ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு அந்த ஒளியும் எதிரி என்பதால், இதில் இரட்டை லாபம். ஆபீஸுக்குச் செல்லும் பலருக்கு இது ஒன்றே போதும். தனியாக ஃபவுண்டேஷன் தேவைப்படாது.

15 நிமிடத்தில் அன்றாட மேக்கப்

முதலில் உங்கள் சருமம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். முகத்தைக் கழுவிவிட்டு எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். முகம் முழுக்க எண்ணெய் வழிந்தால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் காம்பினேஷன். எண்ணெய்ச் சருமத்துக்கு 'மேட்', வறண்ட சருமத்துக்கு 'டியூயி' அல்லது க்ரீம் வகை பொருந்தும்.

1. முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எண்ணெய்ச் சருமம் உள்ளவர்களும் இதைத் தவிர்க்கக் கூடாது. ஜெல் வகையைப் பயன்படுத்தலாம்.

2. சன்ஸ்கிரீன் பூசி, ஐந்து நிமிடமாவது விடுங்கள். அவசரப்பட்டு அதன் மேல் ஃபவுண்டேஷனைத் தேய்த்தால், இரண்டும் சேர்ந்து திரிதிரியாக உருண்டு வரும்.

3. கருவளையம் இருந்தால் கரெக்டர். கருவளையத்தின் நீலச் சாயலை அடக்குவது ஆரஞ்சு நிறம். மாநிறத்துக்குப் பீச் கலந்த ஆரஞ்சு, கறுத்த நிறத்துக்கு அடர் ஆரஞ்சு. அரிசி அளவு எடுத்து, விரல் நுனியால் ஒற்றி எடுத்தால் போதும். கரெக்டர் இல்லாமல் நேரடியாக வெளுப்பான கன்சீலரைப் பூசினால், கருவளையம் மறையாது. சாம்பல் வளையமாக மாறும்.

4. ஃபவுண்டேஷனை நெற்றி, மூக்கு, கன்னங்கள், தாடையில் புள்ளியாக வைத்து, ஈரமான ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். தேய்க்க வேண்டாம். முகம் முழுக்கப் பூச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறம் சீராக இல்லாத இடத்தில் மட்டும் பூசினால், சருமம் சருமமாகவே தெரியும்.

5. கன்சீலர் உங்கள் ஃபவுண்டேஷன் ஷேடிலேயே இருக்கலாம். மிஞ்சிப்போனால் ஒரு படி வெளுப்பு. அதற்கு மேல் போனால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும்.

6. நெற்றி, மூக்கு, தாடை மட்டும் காம்பேக்ட். சென்னையின் புழுக்கத்தில் பவுடரை அடுக்கடுக்காகப் போட்டால், வியர்வையில் திட்டுத்திட்டாகிவிடும். முதலில் டிஷ்யூவால் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு டச்-அப் செய்யுங்கள்.

7. புருவம், மை, லிப்ஸ்டிக். முடிந்தது!

கன்னத்துக்கும் உதட்டுக்கும் என்ன நிறம்?

மாநிறமும் கறுப்பும் அடர் நிறங்களை அழகாகத் தாங்கும். வெளிர் ரோஸ் ப்ளஷ் நம் கன்னத்தில் மாவுபோல நிற்கும். செங்கல் சிவப்பு, பவழ நிறம், நாவற்பழ நிறம் போன்றவை உள்ளிருந்து வரும் சிவப்புபோலத் தெரியும். ஹைலைட்டரில் வெள்ளி மினுமினுப்பைத் தவிர்த்து, தங்கம், செம்பு நிறங்களை எடுங்கள்.

லிப்ஸ்டிக்கில் அரக்கு, மெரூன், செங்கல் சிவப்பு, ப்ளம், காபி பிரவுன் ஆகியவை நம் நிறத்துக்குக் கைகொடுப்பவை. 'நியூட்' லிப்ஸ்டிக் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். பெட்டியில் 'நியூட்' என்று எழுதியிருப்பது வெளுத்த உதட்டுக்கான நியூடாக இருக்கலாம். அதைப் பூசினால் காய்ச்சலில் எழுந்தவர்போல முகம் களையிழந்துவிடும். உங்கள் உதட்டின் நிறத்தைவிட அரைப் படி அடர்த்தியானதுதான் உங்களுக்கான நியூட்.

மேலுதடு கறுத்தும் கீழுதடு சிவந்தும் இருப்பவர்கள், முதலில் உதடு முழுவதும் ஒரே நிற லிப் லைனரை நிரப்பிவிட்டு, அதன் மேல் லிப்ஸ்டிக் போடலாம். கடையில் எல்லோரும் தொட்ட டெஸ்டரை உதட்டில் வைக்காதீர்கள். விரல் நுனியில் தடவிப் பாருங்கள். விரல் நுனியின் நிறம் உதட்டுக்கு ஓரளவு நெருக்கமானது.

மையிலும் கவனம் வேண்டும்

மை இல்லாமல் நம் ஊர் அலங்காரம் முழுமையாகாது. ஆனால் லேபிள் இல்லாமல் விற்கும் சுர்மா போன்றவற்றில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. மரபாக அதற்குப் பயன்படும் கலீனா என்ற கனிமமே ஈய சல்ஃபைடுதான். குழந்தைகளின் வளரும் மூளைக்கு ஈயம் கேடு. எனவே குழந்தைகளின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. வீட்டிலேயே செய்த மையானாலும், விரலிலிருந்து கிருமி கண்ணுக்குள் போகலாம். திருஷ்டிக்கு என்று வீட்டுப் பெரியவர்கள் ஆசைப்பட்டால், உள்ளங்காலில் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு விதி உண்டு. மையையும் மஸ்காராவையும் அக்கா தங்கையாக இருந்தாலும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. கண் நோய் வந்தால், அப்போது பயன்படுத்தியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஏழே நாளில் சிவப்பழகு... ஏமாறாதீர்கள்!

தவறான ஷேடு புகைப்படத்தைத்தான் கெடுக்கும். வெளுக்க வைப்பதாகச் சொல்லும் சில க்ரீம்கள் சிறுநீரகத்தையே கெடுக்கும். இது பயமுறுத்தும் பேச்சு அல்ல. பக்கத்து மாநிலத்தில் நடந்தது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி' என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர், வெளுப்பாக்கும் க்ரீமைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல் திரும்பியது. க்ரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. 2023-ல் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

பாதரசம் ஏன் க்ரீமுக்குள் வருகிறது? சருமத்தில் மெலனின் உருவாவதை அது தடுக்கும். அதனால் சில நாட்களிலேயே முகம் வெளுத்ததுபோலத் தெரியும். ஆனால் அது சருமத்தின் வழியே ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். பூசுபவரோடு இது நிற்பதும் இல்லை. துண்டு, தலையணை, கைகள் வழியாக வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். கண் பகுதிக்கான பொருட்களைத் தவிர மற்ற அழகு சாதனங்களில், தெரியாமல் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியாவின் 2020-ம் ஆண்டு அழகு சாதன விதி.

இன்னொரு ஆபத்து ஸ்டீராய்டு க்ரீம். தோல் நோய்க்கு மருத்துவர் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கும் க்ரீமை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுபவர்கள் ஏராளம். முதலில் முகம் தெளிந்ததுபோல இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இன்னும் அதிகமாகும்; அதற்குப் பயந்து மறுபடியும் பூசத் தொடங்குவார்கள். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் தாங்களாகவே வைத்தியம் பார்க்காமல், தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் அந்த க்ரீமைத் தொடாதீர்கள்:

* தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண் எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பொருள் என்றால், இந்தியாவில் இறக்குமதி செய்தவரின் விவரம் இல்லை.
* உட்பொருட்களின் பட்டியல் இல்லை. அல்லது அதில் 'மெர்க்குரி', 'மெர்க்குரஸ் குளோரைடு', 'கேலோமல்' என்ற சொற்கள் இருக்கின்றன.
* ஏழு நாள், பத்து நாளில் நிறம் மாறும் என்று சத்தியம் செய்கிறார்கள்.
* பெயர் இல்லாத டப்பாவில் அடைத்து, 'ஸ்பெஷல் மிக்ஸ்' என்று தருகிறார்கள்.

இப்படிப்பட்ட க்ரீமைப் பயன்படுத்தியவர்களுக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீரில் நுரை நிற்காமல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். க்ரீம் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டப்பாவில் இருக்கும் சின்னப் படம்

பல அழகு சாதனங்களின் பின்புறம், மூடி திறந்த டப்பாவின் சின்னப் படமும், அதில் 6, 12, 24 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதுதான் அந்த எண். எக்ஸ்பயரி தேதி தொலைவில் இருந்தாலும், திறந்த பொருளுக்கு இந்தக் கணக்குதான். மஸ்காராவும் திரவ ஐலைனரும் மூன்று முதல் ஆறு மாதம். நிறமோ மணமோ மாறிய எதையும் வைத்திருக்க வேண்டாம். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

புதிதாக எதை வாங்கினாலும், முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாட்கள் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். சீக்கிரம் கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கும் 'கறுப்பு மெஹந்தி'யில் ஹேர் டையின் ரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்பளிக்கச் செய்யக்கூடியது. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுத்து வந்தால், அதன் பசைதான் காரணமாக இருக்கக்கூடும். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மணப்பெண்கள் கவனத்துக்கு...

திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே மேக்கப் ஆர்டிஸ்ட்டிடம் 'ட்ரையல்' கேளுங்கள். முகூர்த்தப் புடவையின் நிறத்திலேயே ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு ஒன்று எனப் புகைப்படம் எடுங்கள். கண்ணாடியில் நன்றாகத் தெரியும் சில பவுடர்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகத் திருப்பியடிக்கும். அதை அன்றே கண்டுபிடித்துவிடலாம்.

'எனக்கு என் நிறத்திலேயே மேக்கப் வேண்டும். கழுத்தோடும் கையோடும் பொருந்த வேண்டும்' என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மண்டபத்தில், முகூர்த்த நேரம் நெருங்கும்போது சொன்னால் யாராலும் திருத்த முடியாது. 'இன்னும் கொஞ்சம் லைட்டா போடும்மா' என்று சொல்லக்கூடிய அத்தை, சித்திகளிடமும் அம்மா முன்பே பேசிவைப்பது நல்லது!

பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும் சுத்தமாக இருக்கின்றனவா என்று கேட்கத் தயங்காதீர்கள். திருமணத்துக்கு முந்தைய வாரத்தில் புது ஃபேஷியல், ப்ளீச், புது க்ரீம் எதையும் முயற்சி செய்ய வேண்டாம். மாப்பிள்ளைகளுக்கும் இதே அறிவுரைதான். இப்போது பல மண்டபங்களில் மாப்பிள்ளை முகமும் சட்டைக் காலரும் இரண்டு நிறத்தில் இருக்கின்றன.

வயதுக்கு ஏற்ற மேக்கப்

பள்ளி, கல்லூரி மாணவிகளுக்கு சன்ஸ்கிரீன், லிப் பாம், கொஞ்சம் மை போதும். பருவை மறைக்க ஃபவுண்டேஷனை அப்புவதைவிட, பருவுக்கு வைத்தியம் பார்ப்பதே நல்லது. வாங்கினால் 'நான்-காமிடோஜெனிக்' என்று எழுதியதாக வாங்குங்கள். சருமத் துளைகளை அடைக்காத வகையில் தயாரிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பவுடர்தான் எதிரி. கண்ணோரச் சுருக்கத்தில் போய் உட்கார்ந்து, அதை இன்னும் எடுத்துக்காட்டும். மாய்ஸ்சரைசரை நன்றாகப் பூசி, லேசான க்ரீம் ஃபவுண்டேஷனும் க்ரீம் ப்ளஷும் பயன்படுத்தினால் முகம் பொலிவாக இருக்கும். நரைத்த முடிக்கும் பவழ நிற உதட்டுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. பாட்டிகளும் முயன்று பார்க்கலாம்!

எந்த வயதானாலும், மேக்கப்போடு தூங்கக் கூடாது. மைசெல்லர் வாட்டராலோ க்ளென்சிங் பாமாலோ துடைத்துவிட்டு, பிறகு ஃபேஸ் வாஷால் கழுவுங்கள். கண் மேக்கப்பை இழுத்துத் தேய்க்காமல், பஞ்சைக் கண் மேல் சில விநாடிகள் வைத்திருந்து மெதுவாகத் துடையுங்கள். ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் வாரம் ஒருமுறை மைல்டு ஷாம்பூ போட்டு அலசி, நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேக்கப் பையைக் கொட்டிப் பாருங்கள். லேபிள் இல்லாதவற்றையும் நாள் கடந்தவற்றையும் தூக்கிப் போடுங்கள். மிச்சம் இருக்கும் ஃபவுண்டேஷனைத் தாடையில் ஒரு கோடு தடவி, ஜன்னலருகே நின்று கண்ணாடி பாருங்கள். கோடு தெரியவில்லை என்றால், உங்கள் ஷேடு உங்களிடமே இருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்தால், அடுத்த முறை கடையில், 'என் கலருக்குச் சரியா வர்றதைக் குடுங்க' என்று தயங்காமல் கேளுங்கள். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தால், அவள் காதில் விழும்படி கேளுங்கள்.